டேப் உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம். வயது 47, உயரம் 152 செ.மீ., எடை 68 கிலோ. முன்பெல்லாம் எங்கள் அரை ஏக்கரில் நானேதான் இலை பறிப்பேன். முட்டி வலி வந்ததும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டேன். மூன்று வருடமாக மோட்டார் மெஷின். கொஞ்சம் கொஞ்சமாக வயிறு முன்னால் வந்துவிட்டது. மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போகிறது. வெறும் வயிற்றில் சுகர் 112, பிரஷர் 138/88. சாப்பாடு அதிகம் இல்லை, டீ மட்டும் ஆறு கிளாஸ் ஆகிவிடும். செவ்வாய், வெள்ளி விரதம். கொள்ளுக் கஞ்சி, வெந்நீரில் தேன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால்தான் தொப்பை என்கிறார் நாத்தனார். தைராய்டாக இருக்குமோ? எடை குறைய ஊசி வந்திருக்கிறதாமே, போடலாமா? தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், மண்டபம் மேட்டுப்பாளையத்தில். இங்கே ஸ்வெட்டர் போட்டு மறைத்துக்கொள்கிறேன். அங்கே என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்வெட்டர் விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மலையில் மருத்துவம் பார்க்கிறேன். கீழே கோவையில் என்றால் ஒரு பெண்ணுக்கு வயிறு போடுவதை அவளுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சொல்லிவிடுவாள். இங்கே வருடத்தில் பத்து மாதம் ஸ்வெட்டரும் சால்வையும். எனக்கே 49 வயதில் ஸ்வெட்டரின் கீழ்ப் பட்டன் மாட்டாமல் போனபோதுதான் தெரிந்தது. சலவையில் கம்பளி சுருங்கிவிட்டது என்று ஒரு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நீங்கள் எடையை எழுதியிருக்கிறீர்கள், உயரத்தை எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்கக் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரில் உள்ளவர்களையெல்லாம் அளக்கிற நீங்கள் உங்கள் இடுப்பளவை மட்டும் எழுதவில்லை. அதுதான் எனக்கு முதலில் வேண்டும். தையலுக்கு அளப்பதுபோல் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். வயிறு பெரிதாகும்போது நாடா கீழே கீழே இறங்கிவிடும், அளவும் பொய் சொல்லும். காலையில் காலைக்கடன் முடித்து, சாப்பிடுவதற்கு முன்னால், துணியை விலக்கிவிட்டு நில்லுங்கள். பக்கவாட்டில் கையை வைத்தால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும். அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, பின்பக்கம் தொய்யாமல், முன்பக்கம் இறுக்காமல் பிடியுங்கள். இயல்பாக மூச்சு விட்டு, விட்ட முடிவில் எண்ணைப் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. பிளவுஸ் அளவு கொடுக்கும்போது எத்தனை பேர் எக்குவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுப் பருமன் என்று கணக்கு. உயரத்தில் பாதிக்குள் இடுப்பளவு இருப்பது நல்லது என்று இன்னொரு கணக்கும் உண்டு. உங்களுக்கு அது 76. உங்களுக்கு 95 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், நீங்களும் பதற வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக நாடு முழுக்க இடுப்பை அளந்தார்கள். பெண்களில் 100-க்கு 40 பேருக்கும் ஆண்களில் 12 பேருக்கும் வயிற்றுப் பருமன் இருந்தது. 30-இலிருந்து 49 வயதுப் பெண்களை மட்டும் பார்த்தால் பத்தில் ஐந்தாறு பேர்.

ஏன் இந்த வயதில், ஏன் வயிற்றில்? மாதவிலக்கு நிற்கப்போகிற வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது இருந்தவரை கொழுப்பைப் பிட்டத்திலும் தொடையிலும் சேர்த்துவைத்தது. அது குறையும்போது கொழுப்பு இடம் மாறி வயிற்றுக்கு வருகிறது. வயசோடு தசையும் கரைவதால், அதே சாப்பாட்டுக்கு உடம்பு செலவழிப்பதும் குறைகிறது. வயிற்றில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிவது தோலுக்கு அடியில் இருப்பது. அது அழகுக்கு இடைஞ்சல், அவ்வளவுதான். தசைக்கு உள்ளே குடலைச் சுற்றி அப்பியிருப்பதுதான் ஆபத்தானது. அங்கிருந்து கொழுப்பமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்க மறுக்கிறது, சுகர் ஏறுகிறது. உங்கள் 112 அதன் கணக்குதான். வெறும் வயிற்றில் 100-இலிருந்து 125 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. கண்ணாடி முன்னால் நின்று பின்கழுத்தைப் பாருங்கள். வெல்வெட் துணி மாதிரி கறுத்துத் தடித்திருந்தால் அதுவும் இதே இன்சுலின் விஷயம். செயின் பட்டுக் கறுத்தது என்று பீர்க்கை நார் போட்டுத் தேய்த்தால் போகாது.

'சாப்பாடு அதிகம் இல்லை' என்கிறீர்கள். நம்புகிறேன். பிரச்சினை என்னவென்றால் சாப்பாடு அப்படியே இருக்க, நாள் மாறிவிட்டது. அன்றைக்குக் காலையில் சரிவில் இறங்கி, செடிகளுக்கு நடுவே நின்றும் குனிந்தும் இலை பறித்து, மூட்டையோடு மேடேறி எடை போடும் இடத்துக்கு வந்தீர்கள். அதை நிறுத்தி மெஷினில் உட்கார்ந்தபோதும் காலால் மிதித்தீர்கள். இப்போது மோட்டார், பாதம் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஆனால் தட்டில் அன்றைக்கு விழுந்த அதே சோறு இன்றைக்கும் விழுகிறது. பெருந்தீனி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

நாத்தனாருக்கு ஒரு வரி: அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். சினைப்பையையோ ஹார்மோனையோ யாரும் தொடுவதில்லை. அதனால் தொப்பை வராது. தைராய்டுக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பது குறைவாக இருந்தால் மாத்திரை உண்டு. ஆனால் தைராய்டால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நீர்தான் அதிகம். எல்லாத் தொப்பைக்கும் அதன்மேல் பழி போட முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு வருடக்கணக்கில் மெல்ல வந்திருக்கிறது. அது ஒரு ஆறுதல். சில வாரத்திலேயே வயிறு பெருத்தது, கை கால் மெலிந்தது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது என்றால் அதைத் தொப்பை என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அப்படி ஒரு அம்மா ஆறு மாதம் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். நாடா அழுந்தும் இடத்தில் ஆறாத புண் இருந்தாலும் அப்படித்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் அந்த ஆறு கிளாஸ் டீ. தேயிலை விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு டீயைக் குறை என்று சொன்னால் எனக்கே அடி விழும். டீ குடியுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 12 ஸ்பூன், ஏறக்குறைய 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை டீ வழியாக மட்டும் உள்ளே போகிறது. நாள் முழுக்க எல்லா வகையிலும் சேர்த்து 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே தோற்றுவிடுவீர்கள். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறக்குங்கள். நாக்கு பழகிவிடும், பிறகு பழைய டீ பாயசமாகத் தெரியும். நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறுவது பெயர் மாற்றம்தான், கணக்கு அதேதான்.

டீயோடு வர்க்கி இருக்கும், எழுதாவிட்டாலும் தெரியும். சூடான டீயில் முக்கினால் அடுக்கடுக்காக ஊறி நாக்கில் கரைகிறதே, அந்த அடுக்குகள் மைதாவும் டால்டாவும் சர்க்கரையும் சேர்ந்து உண்டானவை. வீட்டில் பாக்கெட் இருந்தால் என் கையும் அதில்தான் போகும், அதனால் நான் வாங்குவதே இல்லை. விருந்தாளி வந்தால் வாங்குங்கள், மீதியை அவர்களிடமே கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாது. இந்த வயதில் சில மாதம் ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தம் குறைந்துபோகும். அப்புறம் நடக்கவே தெம்பு இருக்காது.

மதியத் தட்டு. நம் மலையில் ஒரு பழக்கம் உண்டு: சோறு, சாம்பார், பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல். மாவுக்கு மாவே தொட்டுகை. வீட்டுக் கிழங்கு, தோட்டத்துக் கிழங்கு என்றெல்லாம் உடம்புக்குத் தெரியாது. கிழங்கு வைக்கிற நாளில் சோற்றைப் பாதியாக்குங்கள். மற்ற நாளில் அவரை, பீன்ஸ், முட்டைக்கோஸ், முள்ளங்கி, கீரை. தட்டில் பாதி காய், கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ, கால் பாகம் சோறு. காயை முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரண்டாம் தடவை போடக் கை போகாது. தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலையில் ராகியும் சாமையும்தான் விளைந்தன. அவற்றுக்குத் திரும்புவது நல்லது, நார்ச்சத்து கூடும். ஆனால் சாமைதானே என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் அதே கதை.

பெண்கள் விட்டுவிடுவது புரதத்தை. காலையில் தோசையும் சட்னியும், இரவில் தோசையும் பொடியும் என்றால் தசைக்கு என்ன கிடைக்கும்? காலையில் இரண்டு முட்டை, இல்லையென்றால் ஒரு கிண்ணம் சுண்டல். பட்டர் பீன்ஸும் பச்சைப் பட்டாணியும் வருகிற காலத்தில் அவற்றைக் குழம்பில் நாலு மிதக்கவிடாமல் கிண்ணம் நிறைய வேகவையுங்கள். எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்துவிடுங்கள். அனைவரும் சாப்பிட்ட பின், ராத்திரி பத்து மணிக்கு, சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். எட்டு மணிக்கு உங்கள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுக் கஞ்சி குடித்திருக்கிறீர்கள். கொள்ளு நல்ல பயறு, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஆனால் அது கொழுப்பை உருக்காது. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் பயன் உண்டு, கூடுதலாகக் குடித்தால் கூடுதல் சாப்பாடு. வெந்நீரில் தேன் என்பது சர்க்கரைத் தண்ணீர். வயிற்றில் கட்டுகிற பெல்ட் ஒன்றை நானே ஒருமுறை விளம்பரம் பார்த்து வாங்கியிருக்கிறேன், டாக்டராக இருந்துகொண்டு! வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

விரதத்தை விடச் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம். ஆனால் விரத நாள் சாயங்காலம் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பாருங்கள். பகலெல்லாம் டீயில் ஓட்டிவிட்டு, விளக்கு வைத்ததும் கேசரி, வடை, ஆறு இட்லி என்று முடிகிற விரதங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சுண்டல், மோர், பழத்தோடு முடித்தால் விரதமும் ஆகும், வயிறும் குறையும்.

நடை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து நடங்கள் என்று கீழ்நாட்டு டாக்டர்கள் எழுதுவார்கள். கோத்தகிரி பக்கம் அந்த நேரத்தில் ரோட்டில் கரடி நடக்கும், காட்டெருமை நடக்கும். நீங்கள் நடக்க வேண்டாம். வெயில் வந்தபின் ஒன்பது மணிக்கு மேல், துணைக்கு ஒரு ஆளோடு. வாரத்துக்கு 150 நிமிடம் சேர்ந்தால் போதும், பத்துப் பத்து நிமிடமாகவும் சேர்க்கலாம். சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடந்தால் சுகர் ஏறுவது மட்டுப்படும். மழை நாளில் வீட்டு வராந்தாவே போதும். முட்டி வலிக்காரர்களுக்கு மேடு ஏறுவதைவிடச் சரிவில் இறங்குவதுதான் கெடுதல். அதனால் ஏறும்போது நடங்கள், இறங்கும்போது பஸ் ஏறிவிடுங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் சுமை நாலு கிலோ குறையும்.

நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை வேண்டும். ஜிம் வேண்டாம், நாற்காலி போதும். கைப்பிடி இல்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். முட்டி முணுமுணுத்தால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எட்டு முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகால் தூக்கி நிற்பது. மெஷினில் இருக்கும்போது பாபினில் நூல் தீரும் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு அப்புறம் நூல் சுற்றுங்கள். எனக்குத் துணி தைக்கிற அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அவர் இப்போது பாபினைத் திட்டிக்கொண்டே செய்கிறார். மல்லாந்து படுத்து எழும் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது, அதற்காக இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டாம்.

தூக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. மார்கழிக் குளிரிலும் நடுராத்திரி திடீரென்று வியர்த்துக் கம்பளியை உதைத்துத் தள்ளுகிறீர்களா? மாதவிலக்கு நிற்கிற வயதின் வேலை அது. தூக்கம் கெட்டால் மறுநாள் இனிப்பும் மாவும்தான் வேண்டும் என்று உடம்பு அடம்பிடிக்கும். பருத்தி நைட்டி, ஒரே கனத்த கம்பளிக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வை, ஆறு மணிக்கு மேல் டீ கிடையாது. தாங்க முடியாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் பேசலாம், சிகிச்சை இருக்கிறது. பெரிய குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டுக்காரர் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும்.

ஊசி உண்மைதான். செமாக்ளூடைட், டிர்செபடைட் என்று வந்திருக்கிறது, எடையும் குறைகிறது. விலை அதிகம், குமட்டலும் வாந்தியும் வரலாம், கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பி வருகிறது. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்து, கல்யாணத்துக்காகப் போடுகிற மருந்து கிடையாது. முதலில் மூன்று மாதம் மேலே சொன்னதைச் செய்யுங்கள். மூன்று மாத சராசரி சுகர், கொழுப்பு, கல்லீரல், ரத்த அளவு, தைராய்டு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுவோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஊருக்கு வருகிறவரிடம் பிரஷரையும் சுகரையும் இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள்.

எடைக் கருவியில் தினமும் ஏற வேண்டாம். 68 கிலோவில் மூன்றரைக் கிலோ குறைந்தாலே சுகரும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். எடை அசையாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைச் சென்னையில் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான். இதில் எனக்குப் பிடித்தது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. அதனால் மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றாம் தேதி காலையில், டேப். எண்ணை உங்கள் தையல் அளவு நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். மாதம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். எனக்கு 91-இலிருந்து 85 வர ஒரு வருடம் ஆனது, இன்னும் 80-ஐப் பார்க்கவில்லை.

தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்து மண்டபத்தில் தை மாதம்கூட ஸ்வெட்டர் தாங்காது, நீங்கள் சொல்வது சரிதான். கல்யாண பிளவுஸுக்கு இப்போதே அளவெடுக்காதீர்கள், மார்கழியில் எடுங்கள். வேலை நெருக்கும், முன்னாலேயே தைத்துவிட வேண்டும் என்றால் பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே துணி விட்டுத் தையுங்கள். பிரித்துவிடுவதா, இன்னும் பிடித்துத் தைப்பதா என்று தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.